ஏழாம் பாடத்தின் பஸ்

ஜூலை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று காலை, தலைமையாசிரியை நைரி மரவேலைப் பட்டறைக்குள் வந்து ரம்பத்தூளின் மேலேயே நின்றார். கையில் தடிமனான சிவப்புக் கோப்பு. அதைப் பார்த்ததுமே நெவில் உளியைக் கீழே வைத்தார். நைரி வைமோவானா உயர்நிலைப் பள்ளிக்கு வந்த ஒன்பது வருஷத்தில் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்தது இரண்டே முறை. ஒருமுறை கூரை ஒழுகியபோது. இன்னொரு முறை ஒரு பையன் விரலை அறுத்துக்கொண்டபோது.

"நெவில், பதினோராம் வகுப்புக்கு ஊடகப் பாடம். எட்டு வாரம். நீங்கதான் எடுக்கணும்."

"என்ன பாடம்?"

"ஊடகம். பேப்பர், டி.வி., போன்ல வர்ற வீடியோ, எல்லாம். அதை எடுக்கற பிலிப்பா ஊர்ல இல்ல. அவங்க அப்பாவுக்குப் பக்கவாதம். சனிக்கிழமையே சாத்தம் தீவுக்குக் கெளம்பிட்டாங்க."

"நான் டி.வி.ல ரக்பி மட்டுந்தான் பாப்பேன், நைரி."

"அது போதும். பாடத்திட்டம், பயிற்சித்தாள், எந்த நிமிஷம் என்ன செய்யணுங்கிறது வரைக்கும் இதுல இருக்கு. நீங்க வாசிச்சுட்டுப் போய் நின்னா சரி."

கோப்பை வேலைமேசை மேல் வைத்துவிட்டு, மறுப்புச் சொல்ல இடம் கொடுக்காமல் போய்விட்டார்.

நெவில் டமிஹானாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. அந்த ஊரிலேயே பிறந்து, அந்தப் பள்ளியிலேயே படித்து, அங்கேயே இருபத்தாறு வருஷமாக மரவேலை சொல்லிக்கொடுப்பவர். அளந்து, கோடு போட்டு, வெட்டிப் பழகிய கை. ஆகவே கோப்பைத் திறந்து பார்த்தபோது அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. பிலிப்பாவும் அளந்து வெட்டுகிற ஆள்தான். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பக்கம். தொடக்கம் பத்து நிமிடம், குழுவாகப் படிப்பது பதினைந்து நிமிடம், கேள்விகள் இருபது நிமிடம், வகுப்பு கூடிப் பேசுவது பத்து நிமிடம், வீட்டுப்பாடம் எழுதிக்கொள்ள ஐந்து நிமிடம். முதல் ஆறு பாடங்களை அவர் நடத்தி முடித்து, ஓரத்தில் சரி என்று குறி போட்டிருந்தார்.

ஏழாம் பாடத்தில் ஒரு பழைய செய்தித்தாள் துண்டின் நகல் இருந்தது. 'வைமோவானா கூரியர், வியாழக்கிழமை, 9 ஆகஸ்ட் 1979. வெள்ளத்தில் சிக்கிய பள்ளிப் பேருந்து: பதினொரு குழந்தைகள் உயிர் தப்பினர்.' அதற்குக் கீழே மங்கலான புகைப்படம். ஜன்னல் வரை தண்ணீர் ஏறிய ஒரு பஸ் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. முன்னால் தொப்பி போட்ட ஒரு ஆள் முதுகைக் காட்டி நின்றான். ஓட்டுநர் ஒவ்வொரு குழந்தையாகத் தோளில் தூக்கிக் கரை சேர்த்தார் என்றும், பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, ஈரத் துணியோடு வீட்டுக்கு நடந்தே போய்விட்டார் என்றும் செய்தி சொன்னது.

பாடத்திட்டத்தின் மேல்மூலையில், 'ஆசிரியர் குறிப்பு: இளஞ்சிவப்புத் தாளைப் பார்க்க' என்று எழுதியிருந்தது. நெவில் தேடினார். வெள்ளைத் தாள் இருந்தது, மஞ்சள் இருந்தது, பச்சை இருந்தது. இளஞ்சிவப்பு மட்டும் இல்லை. அப்படியொன்றும் தலைபோகிற விஷயமாக இருக்காது என்று விட்டுவிட்டார்.

அவரை உறுத்தியது வேறு. 1979 ஆகஸ்டில் அவருக்கு எட்டு வயது. ஊருக்கு இருந்தது ஒரே பள்ளி பஸ். அதில்தான் தினமும் போய் வந்தார். இவ்வளவு பெரிய விஷயம் நடந்திருக்கிறது, தனக்கு எப்படி ஞாபகம் இல்லாமல் போயிற்று?

*

திங்கட்கிழமை மூன்றாம் பீரியட். பதினேழு பிள்ளைகள். வெளியே மழை அடித்துக்கொண்டிருந்தது, ஈரக் கம்பளிச் சட்டைகளின் வாடை அறை முழுக்க. நெவில் செய்தித் துண்டின் நகல்களை விநியோகித்து, பயிற்சித்தாளில் இருந்த ஐந்து கேள்விகளைப் பலகையில் எழுதினார். இதை எழுதியவர் யார்? யாருக்காக எழுதினார்? யாருடைய குரல் இதில் இல்லை? படத்தின் சட்டத்துக்கு வெளியே என்ன இருந்திருக்கும்? நாம் இதை நம்பினால் யாருக்கு லாபம்?

"சார், நீங்க இந்த ஊருதானே?" என்றாள் டானிகா. முன்வரிசையில் உட்கார்ந்து, எதற்கும் முதலில் வாயைத் திறக்கிற பெண். "அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"நான்..." நெவில் சுண்ணக்கட்டியை உருட்டினார். "வீட்டுல இருந்திருப்பேன். சளி பிடிச்சிருக்கும்."

"இருந்திருப்பேனா? சார், உங்களுக்கே தெரியாதா?"

வகுப்பு சிரித்தது. நெவிலும் சிரித்து வைத்தார். ஆனால் 'சளி' என்று சொன்ன அந்த நொடியே, தான் மூக்கு ஒழுக ஜன்னலோரம் படுத்திருந்தது போல ஒரு காட்சி வந்துவிட்டது. இப்போது சொன்னதால் வந்ததா, முன்பே இருந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

திட்டப்படி கடைசி ஐந்து நிமிடத்தில் வீட்டுப்பாடத்தைக் கொடுத்தார்: 'இந்தச் சம்பவம் பற்றி உங்களுக்குத் தெரிந்த மூத்தவர் ஒருவரிடம் கேட்டு எழுதி வரவும்.'

புதன்கிழமை பிள்ளைகள் கை நிறையக் கதையோடு வந்தார்கள். பதினேழில் பதிமூன்று பேருக்கு ஆள் கிடைத்திருந்தது. தண்ணீரில் செத்த ஆடு மிதந்ததாக ஒருவர் சொல்லியிருந்தார். ஓட்டுநர் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு நீந்தினார் என்று இன்னொருவர். பதினொன்று இல்லை பதினான்கு, மூன்று பிள்ளைகளைக் கணக்கில் விட்டுவிட்டார்கள் என்று டானிகாவின் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கே வந்துவிட்டாராம்.

மெரியானா கடைசியாகத்தான் கை தூக்கினாள். அதிகம் பேசாத பெண். "சார், அந்த டிரைவர் எங்க தாத்தா."

முன்வரிசையிலிருந்து டானிகா திரும்பிப் பார்த்தாள்.

"ஆல்ஃப் தாத்தாவா?" என்றார் நெவில்.

"ஆமா சார். படத்தைப் பாத்ததும் அப்பாவுக்குத் தெரிஞ்சுடுச்சு. அந்த முதுகு, அந்தத் தொப்பி. அப்பா அழுதுட்டாரு சார். அவரு அழுது நான் பாத்ததே இல்ல."

ஆல்ஃப்தான் அந்தக் காலத்தில் பள்ளி பஸ் ஓட்டியவர். அது நெவிலுக்கும் தெரியும். கடுகடுவென்று இருப்பார், பிள்ளைகள் பாடினால் பஸ்ஸை நிறுத்திவிடுவார். போன ஆகஸ்டில் காலமானார். அவர் மகன் ரஸ்ஸல், மெரியானாவின் அப்பா, பால் லாரி ஓட்டுகிறவன். நெவிலோடு பள்ளியில் படித்தவன்தான், ஆனால் பத்து வயது வரை அம்மாவோடு வெலிங்டனில் இருந்துவிட்டு அதற்கப்புறம் அப்பாவிடம் வந்தவன். 1979இல் அவன் ஊரில் இல்லை.

"அடுத்த சனிக்கிழமை தாத்தாவோட கல்லறைக் கல் திறப்பு சார்," என்றாள் மெரியானா. "இந்தப் பதினொரு பிள்ளைங்க விஷயத்தைக் கல்லுலயே வெட்டப் போறோம்னு அப்பா சொல்றாரு."

*

பள்ளி விட்டதும் நெவில் நேரே அக்கா பெவ்வின் மீன் வறுவல் கடைக்குப் போனார். பெவ் அவருக்கு நான்கு வயது மூத்தவள். ஊரில் நடந்தது, நடக்காதது எல்லாம் அவளிடம் இருக்கும். கூட்டம் இல்லாத நேரம். எண்ணெய்ச் சட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நெவில் செய்தித் துண்டை நீட்ட, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள்.

"அட, இது எங்கடா கிடைச்சுது? நான் வெட்டி வெச்சிருந்தேனே இதை!"

"அப்ப இது நடந்துச்சா?"

"நடந்துச்சாவா? நான் அந்த பஸ்லதானே இருந்தேன்! டேய், நீ என் மடியில உக்காந்திருந்த."

"நானா?"

"நீயேதான். ஒரு பூட்ஸைத் தண்ணில விட்டுட்டு அழுத பாரு ஒரு அழுகை. ஆல்ஃப் உன்னத் தூக்கினப்ப அவர் காதைக் கடிச்சு வெச்ச."

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லையே அக்கா."

"உனக்கு என்னதான் ஞாபகம் இருக்கு? என் பொறந்தநாளே இருக்காது."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நெவில் அந்தப் பூட்ஸை நினைத்துக்கொண்டே போனார். பாலம் வருவதற்குள் அதற்கு நிறம் வந்துவிட்டது. கறுப்பு ரப்பர், மேலே சிவப்பு விளிம்பு. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, ஒரு பெரிய மனிதரின் காது தன் பல்லுக்கிடையில் குளிர்ந்து கிடந்தது கூட நினைவில் இருந்தது. உப்பும் புகையிலையுமாக ஒரு ருசி. சளி பிடித்து ஜன்னலோரம் படுத்திருந்ததும் நினைவில் இருந்தது. இரண்டும் ஒரே நாள். ஒரு ஆள் இரண்டு இடத்தில் எப்படி இருக்க முடியும்?

வியாழக்கிழமை இரண்டு பீரியட் ஓய்வு. ஊர் நூலகத்துக்குப் போய், கூரியரின் 1979ஆம் வருஷத் தொகுதியைக் கேட்டார். ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி இதழ் முழுசாக இருந்தது. முதல் பக்கத்தில் வடிகால் வாரியக் கூட்டம். உள்ளே குதிரைக்குட்டிப் போட்டி. பஸ் இல்லை. முன்வாரம் பார்த்தார், அதிலும் இல்லை. அடுத்த வாரம், பதினாறாம் தேதி இதழைத் திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். மூன்றாம் பக்கத்தின் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சதுர ஓட்டை. கத்தரிக்கோலால் நேர்த்தியாக வெட்டியிருந்தது.

"இது என்ன செய்தி இருந்த இடம்?"

நூலகப் பெண் எட்டிப் பார்த்தாள். "யாருக்குத் தெரியும்? கல்யாணப் படம், கேக் செய்முறைன்னு எல்லாத்தையும் வெட்டிட்டுப் போயிடுவாங்க. அந்தக் காலத்து ஜனங்களுக்குக் கையும் சும்மா இருக்காது, கத்தரிக்கோலும் சும்மா இருக்காது."

*

அன்று மத்தியானம் ஆசிரியர் அறையில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, நெவிலின் போன் அடித்தது. மூன்று நாளாக அவர் பிலிப்பாவுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். தீவில் போன் சிக்னல் கிடைத்தால்தான் பேச்சு.

"நெவில், மன்னிச்சுக்கங்க. குன்று மேல ஏறி நின்னு பேசறேன். காத்து அடிக்குது. என்ன விஷயம்?"

"அந்த பஸ், பிலிப்பா. ஏழாம் பாடம். அந்தச் செய்தி எந்தத் தேதி இதழ்ல வந்துச்சு? நூலகத்துல ஒன்பதாம் தேதி இதழ்ல காணோம்."

"நெவில், நீங்க இளஞ்சிவப்புத் தாளப் படிக்கலையா?"

"கோப்புல இல்ல."

"ஐயோ. பிரிண்டர்லயே விட்டுட்டேன் போல. அது நான் செஞ்சது நெவில். செய்தி முழுக்க நானே எழுதினது. படம் டனீடின்ல ஒரு பழைய சாமான் கடையில வாங்கின பெட்டில இருந்துச்சு. எந்த ஊரு பஸ்ஸோ. முதல் நாள் பிள்ளைங்கள நம்ப வெச்சு, அடுத்து எட்டாம் பாடத்துல உடைச்சுச் சொல்லணும், அந்தப் பாடமும் இளஞ்சிவப்புத் தாள்லதான் இருக்கு. ஏன் நம்பினோம்னு அவங்களே யோசிக்கணும். அதுதான் பாடமே!"

நெவில் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "வீட்டுல கேக்கச் சொல்லியிருந்தீங்களே."

"அது யாரும் ஞாபகமில்லன்னு சொல்லிட்டு வர்றதுக்காக! அப்பதான் சந்தேகம் வரும்."

"பதிமூணு பேருக்கு ஞாபகம் இருக்கு, பிலிப்பா. எங்கக்கா அந்த பஸ்ல இருந்தா. நான் அவ மடியில இருந்தேன்."

"என்ன?"

"டிரைவர் காதைக் கடிச்சேன்."

காற்று இன்னும் பலமாக அடித்தது. பிலிப்பா ஏதோ சொன்னது கேட்கவில்லை. திரும்பக் குரல் வந்தபோது, அவரும் தடுமாறுவது தெரிந்தது. "முழுக்க நானேன்னு சொல்ல முடியாது... ரெண்டு வருஷம் முன்னாடி ஊர் மண்டபத்துல ஒரு விருந்து. பாத்திரம் கழுவும்போது யாரோ ஒரு அம்மா ஒரு பஸ் கதை சொன்னாங்க. ஓடையில பஸ் நின்னுபோச்சுன்னு. அதை வெச்சுத்தான் நான் பெருசாக்கினேன்."

"யாரு அந்த அம்மா?"

"பேரு தெரியாது. சத்தமாச் சிரிப்பாங்க."

அத்தோடு இணைப்பு அறுந்துவிட்டது. பத்து நிமிடம் கழித்து மின்னஞ்சலில் இளஞ்சிவப்புத் தாள் வந்தது. முதல் வரியே கொட்டை எழுத்தில்: 'இந்தச் செய்தி கற்பனை.'

கடைசி பீரியட் ஊடக வகுப்பு. நெவில் திட்டம் எதையும் பார்க்கவில்லை. தாளை அச்செடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னார். பிள்ளைகள் தலை குனிந்து வாசித்தார்கள். டானிகாதான் முதலில் நிமிர்ந்தாள்.

"சார், இதை எழுதினது யாரு?"

"பிலிப்பா டீச்சர்."

"நீங்க நேர்ல பாத்தீங்களா அவங்க எழுதறத?"

"இல்ல. மின்னஞ்சல்ல வந்துச்சு."

"எப்ப?"

"இப்பதான். ஒரு மணி நேரம் இருக்கும்."

டானிகா பின்னால் திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். "திங்கட்கிழமை சார் ஒரு காகிதம் குடுத்து நிஜம்னாரு. இன்னிக்கு ஒரு காகிதம் குடுத்துப் பொய்ங்கிறாரு. ரெண்டும் காகிதந்தான். இதை மட்டும் ஏன் நம்பணும்?"

"அதானே," என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன். "இதை நம்பினா யாருக்கு லாபம்னு பாருங்க. எட்டாம் பாடத்துல எங்கள மடக்கிப் பாக்கறீங்க. நாங்க ஆமான்னு தலையாட்டினா ஒன்பதாம் பாடத்துல, 'ஏமாந்தீங்களா, பஸ் நிஜந்தான்'னு சொல்வீங்க."

"டேய், நான் சத்தியமா சொல்றேன்."

"சத்தியத்துக்கு ஆதாரம் என்ன சார்?"

அத்தனை கேள்வியும் அவரே பலகையில் எழுதிப் போட்டவை. நெவிலுக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது. இரண்டையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மெரியானா தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மணி அடித்ததும் அவர் மேசைப் பக்கம் வந்தாள்.

"சார், கல்லு வெட்டறவருக்கு நாளைக்கு மத்தியானத்துக்குள்ள எழுத்தைக் குடுக்கணும். அப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

*

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நெவில் ரஸ்ஸலின் வீட்டுக்குப் போனார். ரஸ்ஸல் பால் எடுக்கும் சுற்று முடித்து அப்போதுதான் வந்து, முற்றத்தில் பூட்ஸைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தான். மலையை மேகம் மூடியிருந்தது.

"வாடா வாத்தியாரே. எங்கப்பாவ ஊருக்கே காட்டின ஆளு! உள்ள வா, ரொட்டி பொரிச்சிருக்கு."

"இங்கயே சொல்லிடறேன் ரஸ்ஸல்."

சொன்னார். பிலிப்பா, பாடம், இளஞ்சிவப்புத் தாள், டனீடின் பெட்டி. ரஸ்ஸல் குழாயை மூடாமலே கேட்டான். தண்ணீர் அவன் காலைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த முதுகு எங்கப்பன் முதுகுடா."

"அது வேற யாரோ."

"எனக்கு எங்கப்பன் முதுகு தெரியாதா? வாழ்நாள் பூரா அவர் என்கிட்டக் காட்டினது அதைத்தான்."

ரஸ்ஸல் குழாயை மூடினான். "உன் பாடத்துக்கு வேற பஸ் கிடைக்கலையா? வேற ஊரு கிடைக்கலையா? மாமாங்க, அத்தைங்க எல்லாருக்கும் அனுப்பிட்டேன். வெலிங்டன்ல இருந்து கெளம்பி வர்றாங்க."

"மன்னிச்சுக்கடா."

"வேணாம். விடு."

பிறகு ரஸ்ஸல் தானாகவே பேசினான், யாரிடமோ சொல்வது போல. "ஒரு தடவ சொன்னாரு. ஓடை தாண்டறப்ப பஸ் நின்னுபோச்சாம். முழங்கால் அளவு தண்ணி. எல்லாப் பிள்ளைங்களையும் முதுகுல ஏத்திக் கரையில விட்டாராம். புது பூட்ஸ் பாழாப்போச்சுன்னு பொலம்பினாரு. அவ்வளவுதான் அவர் சொன்னது. இந்தப் பேப்பரைப் பாத்ததும், அடப் பாவி மனுஷா, இவ்வளவு பெரிய விஷயத்தையா பூட்ஸ் கதையாக்கிச் சொன்னன்னு நெனச்சேன். அவர் எதையுமே சின்னதாக்கித்தான் சொல்லுவாரு."

"அந்த ஓடைல எத்தனை பிள்ளைங்க?"

"சொல்லல."

"அதுல யாராவது காதைக் கடிச்சதா சொன்னாரா?"

ரஸ்ஸல் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"தெரியலடா," என்றார் நெவில். நிஜமாகவே தெரியவில்லை.

கல்லில் என்ன வெட்டப் போகிறான் என்று அவர் கேட்கவில்லை. ரஸ்ஸலும் சொல்லவில்லை. ரொட்டி சாப்பிட மறுபடி கூப்பிடவும் இல்லை.

*

அடுத்த சனிக்கிழமை குலத்தார் கூடும் மராய் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் கல்லறை மேட்டில் நூறு பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். மழை விட்டிருந்தது. கல்லை மூடியிருந்த துணியை இழுத்ததும் எல்லோரும் கல்லை வாசித்தார்கள். ஆல்ஃபின் பெயர், பிறப்பு, இறப்பு, கீழே ஒரே வரி: 'இருபத்திரண்டு வருஷம் பள்ளி பஸ் ஓட்டினார்.' நெவில் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். ரஸ்ஸல் அவர் பக்கம் திரும்பவில்லை.

ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால், பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்றபோது பெவ் எழுந்தாள். இளஞ்சிவப்புத் தாளின் விஷயத்தை நெவில் அவளிடம் போன வாரமே சொல்லியிருந்தார். "அந்தப் பிலிப்பாவா? அவகிட்டச் சொன்னதே நான்தானே, பாத்திரம் கழுவறப்ப!" என்று அவள் கடை அதிரச் சிரித்துவிட்டு, வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அப்படியென்றால் அன்று நீ சொன்னது முழங்கால் தண்ணீரா, ஜன்னல் வரை தண்ணீரா என்று நெவில் கேட்டதற்கு, "எல்லாத்தையும் சொன்னேன்," என்பதுதான் பதில்.

இப்போது அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஜன்னல் வரை தண்ணீர். பதினொரு பிள்ளைகள். தோளிலே ஒன்று, இடுப்பிலே ஒன்று. "என் தம்பி இதோ நிக்கிறான். அவன்தான் கடைசி. அவனைக் கொண்டாந்து விட்டுட்டு ஆல்ஃப் என்கிட்டக் கேட்டாரு, 'எண்ணிப் பாரும்மா, எல்லாம் இருக்கா?'ன்னு. நான் எண்ணினேன்."

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. நடிப்பு இல்லை. ஐம்பத்தேழு வயது முகத்தில் பன்னிரண்டு வயதுப் பெண்ணின் பயம் இருந்தது. வெலிங்டனில் இருந்து வந்த அத்தைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கூட்டத்தில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அதில் கூரியரைப் பார்த்தவர்கள் எத்தனை பேர், ஓடையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர், நெவிலின் ஏழாம் பாடத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று யாராலும் சொல்ல முடியாது. எல்லோரும் நெவிலைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம் என்பதா, இல்லை என்பதா? தலை தானாக அசைந்தது. எந்தப் பக்கம் அசைந்தது என்று பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை.

பேச்சுக்குப் பின் பாடுவது அங்கே வழக்கம்; ரஸ்ஸல்தான் முதலில் பாட ஆரம்பித்தான். அவன் குரலோடு மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பாட்டு முடிந்ததும் பெவ்வைக் கட்டிக்கொண்டான். நெவிலைத் தாண்டிப் போகும்போது நின்று, "உங்கக்கா பொய் சொல்றாளா?" என்று காதோடு கேட்டான்.

"இல்ல," என்றார் நெவில்.

"அப்ப பிலிப்பா?"

"அவங்களும் இல்ல."

"நல்லாருக்குடா உங்க பாடம்," என்று சொல்லிவிட்டு ரஸ்ஸல் சமையல்கட்டுப் பக்கம் போனான். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டில் பன்றிக்கறியும் சர்க்கரைவள்ளியும் மெரியானாவின் கையில் அவருக்கு வந்து சேர்ந்தன. அப்பா கொடுத்தனுப்பினார் என்றாள்.

*

மீதி வாரங்களுக்குக் கோப்பில் பாடங்கள் இருந்தன. விளம்பரம், சினிமாச் சுவரொட்டி, தலைப்பு எழுதுதல். பிள்ளைகள் ஒத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸைத்தான் செய்வோம் என்றார்கள். நெவில் நைரியிடம் போய், வருஷ இறுதி மதிப்பீட்டுக்கு இதையே படமாக எடுக்கலாமா என்று கேட்டார்.

"சரி, நடந்துச்சா இல்லையா, கடைசில அது தெரியுமா?" என்றார் நைரி.

"தெரியாது."

"அப்ப எதை வெச்சு மார்க் போடுவீங்க?"

"அதுவும் தெரியாது. ஆனா திட்டம் எழுதிட்டேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். தச்சுப் பென்சிலால் கட்டம் கட்டி, நிமிடம் போட்டு, பிலிப்பாவுடையதைப் போலவே நேர்த்தியாக எழுதியிருந்தார். நைரி அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து, மழைச்சட்டை போடாமல் ஒரு பிள்ளையும் போகக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

ஆகஸ்ட் கடைசி வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, பதினேழு பேரும் ஊருக்கு வெளியே பழைய சாலை ஓடையை வெட்டிப் போகும் இடத்தில் இறங்கினார்கள். பாலம் வந்த பிறகு அந்த வழியை யாரும் புழங்குவதில்லை. மெரியானா கேமராவை முக்காலியில் பொருத்திக்கொண்டிருந்தாள். டானிகா குறிப்பு நோட்டோடு ஒரு பாறை மேல் ஏறி நின்றாள். ஆழம் பார்க்க நெவில் இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பைன் மரச் சட்டம் ஒன்றை இழைத்து, சென்டிமீட்டர் கோடு போட்டு எடுத்து வந்திருந்தார். இடுப்பு வரை ஏறும் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு ஓடையில் இறங்கினார். குளிர் எலும்பில் ஏறியது.

"சார், எவ்வளவு?" என்று கேட்டாள் டானிகா.

"நாப்பத்தெட்டு. இங்க நாப்பத்தெட்டு."

"நடுவுக்குப் போங்க!"

போனார். கையை நீட்டிச் சட்டத்தை முன்னால் ஊன்ற, அது சரேலென்று இறங்கியது. "தொண்ணூறு... இல்ல, இரு, பள்ளம் இருக்கு. நூத்திப் பத்து."

"அந்தக் காலத்துலயும் அந்தப் பள்ளம் இருந்துச்சா சார்?"

"யாருக்குத் தெரியும்?"

"பஸ் எந்தப் பக்கமிருந்து வந்துச்சு? காலைல நடந்துச்சா, சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பறப்பவா?"

நெவில் இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு பக்கம் பள்ளி, ஒரு பக்கம் வீடு. தண்ணீர் முழங்காலை இடித்துக்கொண்டு ஓடியது.

"சார், அசையாதீங்க!" கேமராவுக்குப் பின்னாலிருந்து மெரியானா கத்தினாள். "அப்படியே திரும்பி முதுகைக் காட்டி நில்லுங்க. இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."

"யாரோட இடது பக்கம்? எனக்கா, உனக்கா?"

கரையில் பதினேழு பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். ஓடையின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நெவில் சட்டத்தை ஊன்றிக்கொண்டு ஒரு அடி எடுத்து வைத்தார்.